முகத்துக்கு நேராக வரும் குத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

கராத்தே பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நான் வெள்ளை பெல்ட் கட்டினேன். இப்போது பிரவுன் பெல்ட். எங்களுடையது ஷோட்டோகான் மரபு. சென்ற மாதம் முதன்முறையாக நான்கு நாள் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தேன். விடியும் முன் ஒரு பயிற்சி, முற்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டாம் நாளே படியிறங்கக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் கடைசி நாள், பெயர்கூடச் சரியாகத் தெரியாதவர்களை விட்டுப் பிரிய மனம் வரவில்லை. பல ஆண்டுகளாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சக ஊழியர்களிடம் எனக்கு இந்த நெருக்கம் ஏற்பட்டதே இல்லை.

என் தம்பி இதை நம்பவில்லை. "உடம்பு களைத்தால் மனம் இளகும், அவ்வளவுதான். ராணுவத்தில் செய்வதும் இதுதான். ஒரே உடை, ஒரே கட்டளை, யோசிக்க நேரம் கிடையாது. அதற்குத் தோழமை என்று பெயர் வைக்கிறீர்கள்" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்த பிறகு அந்த நெருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதையும் பார்க்கிறேன். அப்படியானால் அது உண்மைதானா? அடுத்த முகாமுக்கும் போக ஆசை. இடது முழங்கால்தான் தொந்தரவு தருகிறது.

கே.

அன்புள்ள கே,

உங்கள் தம்பி சொல்வதைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. களைப்பு மனிதரை இளக்கும். முகாமின் இரண்டாம் நாள் மாலைக்கு மேல் தன் தோரணையைத் தூக்கிச் சுமக்க யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. பதவி, படிப்பு, பேச்சு சாமர்த்தியம் எல்லாம் வியர்வையோடு போய்விடும். ஆனால் களைப்பு ஒன்றே காரணம் என்றால், நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் இதே அனுபவம் கிடைத்திருக்க வேண்டும். அவர்களுக்குள்ளும் ஒரு நெருக்கம் உண்டு. அது ஒரு தூரத்தைச் சேர்ந்து கடந்ததால் வருவது. கராத்தே முகாமில் ஒருவர் இன்னொருவரின் முகத்தைக் குறிவைத்துக் குத்துகிறார். அந்த இன்னொருவர் விலகாமல் நிற்கிறார். இதன் தாத்பரியம் வேறு.

கோஹோன் குமித்தே என்னும் ஐந்து அடி ஜோடிப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். முகாமில் நீங்கள் அலுக்க அலுக்கச் செய்திருப்பீர்கள். இருவர் எதிரெதிரே நின்று வணங்குகிறார்கள். தாக்குகிறவர் ஒரு காலைப் பின்னே வைத்து, முன்கையைத் தாழ இறக்கி, "ஜோடான்" என்று உரக்கச் சொல்கிறார். குத்து முகத்துக்கு வரும் என்ற அறிவிப்பு அது. பிறகு ஐந்து அடி முன்னேறி ஐந்து குத்து. மற்றவர் ஐந்து அடி பின்வாங்கி, ஒவ்வொன்றையும் முன்கையை நெற்றிக்கு மேல் உயர்த்தித் தடுத்து, ஐந்தாவதன் முடிவில் எதிர்க்குத்து கொடுக்கிறார். என்ன வரும், எங்கே வரும், எத்தனை வரும் என்பதெல்லாம் முன்பே தெரியும். வேடிக்கை பார்ப்பவருக்கு ஒத்திகை பார்த்த நாடகம் மாதிரி இருக்கும். உள்ளே நிற்பவருக்கோ, தடுக்கத் தவறினால் அந்தக் குத்து வந்து சேரும் என்கிற நிலை இருந்துவிட்டால், முன்பே தெரிந்திருப்பது ஒன்றுக்கும் உதவாது. மூன்றாவது அடியிலேயே கண் இமைக்கத் தொடங்கிவிடும், குதிகால் தூக்கும், தோள் காதை நோக்கி ஏறும்.

புதியவர்கள் பெரும்பாலும் இரக்கத்தால் இதைக் கெடுக்கிறார்கள். காதோரமாகக் குத்துவார்கள். அல்லது ஒரு சாண் தள்ளியே கையை நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட குத்துக்கு எதிராளி கையைத் தூக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் அவர் தூக்குகிறார், தடுத்துவிட்டதாக நம்புகிறார்.

ஒரு முகாமில் எனக்கு ஜோடியாக வந்தவர் இளைஞர். என் நரைத்த தலையைப் பார்த்துத் தயங்கினார். குத்து ஒவ்வொன்றும் என் வலக் காதுக்கு வெளியே போனது. வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்த பயிற்றுநர் எங்கள் பக்கத்தில் நின்றார். என்னிடம் கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்கச் சொன்னார். இளைஞரை முன்போலவே குத்தச் சொன்னார். குத்து காற்றில் போயிற்று. "பார்த்தாயா? இவரைக் காப்பாற்றுவது இவருடைய வேலை. அதை நீ ஏன் பிடுங்கிக்கொள்கிறாய்?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஜோடியிடம் போய்விட்டார். மறுபடி வணங்கினோம். இந்த முறை குத்து மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே குறிவைத்து நேராக வந்தது. என் முன்கை எலும்பும் அவர் மணிக்கட்டும் ஐந்து முறை மோதின. ஐந்தாவது முடிந்தபோது அவர் முகம் மாறியிருந்தது, என் முகமும்தான். அதன்பின் ஜோடி மாற்றச் சொல்லும்போதெல்லாம் அவர் கண்கள் என்னைத் தேடின. நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவர் என்ன தொழில் செய்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் களைத்துப்போனால் எந்தத் தோள் முதலில் அசையும், பதற்றம் வந்தால் மூச்சை எப்படிப் பிடித்துக்கொள்வார் என்பதெல்லாம் தெரியும். என் தடுப்பு தாமதமானால் தன் கையை நிறுத்திவிடுவார் என்பதும் தெரியும்.

நிறுத்துவது என்பதைச் சற்று விளக்க வேண்டும். கியோகுஷின் போன்ற மரபுகளில் உடலில் அடி விழவே செய்யும். ஆனால் உங்கள் மரபில், எங்கள் மரபிலும், முழு வேகத்தில் போகும் முஷ்டி தோலைத் தொடும் முன் நின்றாக வேண்டும். உடம்பு தளராத வேளையில் அது ஒரு திறமை. நான்காம் நாள், தொடைகள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, எதிரில் நிற்பவருக்காக அந்தக் கட்டுப்பாட்டைக் கடைசிக் குத்துவரை காப்பாற்றி வைத்திருப்பது திறமை மட்டும் ஆகாது. உண்மையாகத் தாக்குவதும் உண்மையாகக் காப்பதும் ஒரே குத்துக்குள் நடக்கின்றன. களைப்பு தானாக வரும். இதை ஒருவர் முயன்று இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

ராணுவம் என்று அவர் சொன்னதில் வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. கராத்தே பிறந்த ஜப்பானியத் தீவான ஒகினாவாவில் அது முதலில் கூட்டமாகக் கற்கும் கலையாக இருக்கவே இல்லை. உங்கள் ஷோட்டோகான் மரபைத் தோற்றுவித்த, 1868-இல் பிறந்த ஃபுனகோஷி கிச்சின் தன் ஆசிரியர் அசாதோ வீட்டுக்கு இரவில் நடந்து போய், கொல்லையில் தனியாக ஒரே கட்டாவை, அதாவது வரிசைப்படுத்திய அசைவுத் தொடரை, மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து கற்றவர். அவருடைய மற்றோர் ஆசிரியர் இதோசு அன்கோதான் 1901-இல் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கட்டளைக்கு ஏற்பச் செய்ய வைக்கும் முறை அந்த வழியில் உருவானது. 1908-இல் கல்வித் துறைக்கு அவர் எழுதிய கடிதத்தில், இளமையிலிருந்தே பயின்றால் பிற்காலத்தில் ராணுவ சேவைக்கு உதவும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். நெப்போலியனை வென்ற வெலிங்டனைக்கூடத் துணைக்கு அழைக்கிறார். 1922-இல் ஃபுனகோஷி டோக்கியோ போனார், 1924-இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் முதல் மாணவர் கராத்தே கழகம் தொடங்கியது. மாணவர்கள் ஓரிடத்தில் தங்கி நாள் முழுவதும் பயிலும் முகாம்கள் அத்தகைய கழகங்களின் வழக்கமாயின. இரவுக் கொல்லையில் ஒருவர் மட்டும் பெற்றதை நூறு பேர் சேர்ந்து பெற முடிந்தது அதனால்தான். அதோடு கட்டளையும் வந்தது, மூத்தவர் இளையவர் என்ற படிநிலையும் வந்தது. அந்தப் படிநிலையைச் சாக்காக வைத்து இளையவர்களை வதைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் எண்ணும் முறையை நினைத்துப் பாருங்கள். அடிப்படைப் பயிற்சியில் வரிசையின் ஒரு கோடியிலிருந்து ஆளுக்குப் பத்து என்று எண்ணிக்கொண்டே வருவோம். ஐம்பது பேர் நின்றால் ஐநூறு குத்து. இச், நி, சான் என்று கருப்பு பெல்ட்காரர்களின் குரல் கூடத்தை அதிர வைத்துவிட்டுப் போகும். கடைசியில் முந்தைய மாதம் சேர்ந்த ஒரு சிறுமியின் முறை வரும். குரல் எழாது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஜப்பானிய எண் மறந்துபோகும். அந்த இடைவெளியில் ஐம்பது பேரும் கையை இடுப்பில் இழுத்து வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கியபடியே காத்திருப்பார்கள். முப்பது ஆண்டு பயின்றவரும் அவள் வாயிலிருந்து அந்த எண் வரும்வரை குத்த மாட்டார். "ஷிச்சி" என்று வந்ததும் ஐம்பது உடைகளின் கையும் ஒன்றாகப் படபடக்கும். எந்த ராணுவத்தில் நேற்று சேர்ந்தவரின் குரலுக்குத் தளபதி காத்திருக்கிறார்? நல்ல முகாமில் கட்டளை கைமாறிக்கொண்டே இருக்கும்.

நல்ல முகாம் என்கிறேன். எல்லா முகாமும் அப்படி இருப்பதில்லை. கடைசி நாளில், கூட்டத்திலேயே பலவீனமானவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். அவர் காயத்தோடும் அவமானத்தோடும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தால், மூத்தவர்கள் அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தால், அந்த இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். யாரேனும் நிறுத்த வேண்டிய குத்தை வேண்டுமென்றே நிறுத்தாமல் விட்டால், வணங்கிவிட்டு வரிசையிலிருந்து வெளியே வரலாம். அதற்கு எந்த பெல்ட்டும் தடையில்லை.

நெருக்கம் கரைவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கரையும்தான். 1957-இல் ஃபுனகோஷி மறைந்தபோது, இறுதிச் சடங்கை யார் முன்னின்று நடத்துவது என்பதில் அவருடைய மாணவர்களுக்குள் தகராறு வந்தது. ஜப்பான் கராத்தே சங்கத்தினர் ஒரு பக்கம், ஷோட்டோகாய் குழுவினர் மறுபக்கம் என்று பிரிந்தே போனார்கள். ஒரே ஆசிரியரிடம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வியர்வை சிந்தியவர்கள் அவர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முகாமில் கிடைத்த தோழமையை சங்கமோ, சான்றிதழோ, சீருடையில் தைத்த சின்னமோ காப்பாற்றித் தராது. சேர்ந்து பயில்வது நின்றால் அதுவும் நின்றுபோகும். அதனால் அது பொய் என்றாகிவிடாது. பயிற்சி நின்றால் உங்கள் குத்தும்தான் வலுவிழக்கும், அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லையே.

முகாமிலிருந்து வந்ததும் எல்லோரும் வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். வாழ்த்துகள், புகைப்படங்கள், பிறகு மௌனம். அதற்கு மாறாக, போய்வரும் தூரத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் சேர்ந்து பயிலுங்கள். பேச்சைக் குறைத்துக்கொண்டு ஹேயான் கட்டாக்கள் ஐந்தையும் ஒரே மூச்சுக் கணக்கில் சேர்ந்து செய்யுங்கள். பிறகு கோஹோன் குமித்தே. ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு அடியெடுத்து வைக்கும் பழக்கம் போகாதவரை, நான்கு நாளில் தொடங்கியது தொடரும்.

இனி முழங்கால். இதை லேசாக விட்டுவிடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். முகாமுக்குப் பெயர் கொடுக்கும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். இரவில் நீண்ட நேரம் கிபா-தாச்சியில், அதாவது குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் கால்களை அகட்டித் தாழும் நிலையில், நிற்க வைத்தால் நிலையை உயர்த்திக்கொள்ளுங்கள். முழங்கால் உள்பக்கம் சாயாமல் கால்விரல்களின் திசையிலேயே இருக்கட்டும். கீழ்நோக்கி ஒரு அங்குலம் அதிகமாக இறங்குவதைவிட அதுதான் முக்கியம். திரும்பும்போது பாதம் தரையில் ஒட்டி நிற்க, முழங்கால் மட்டும் முறுகுவதுதான் பெரும்பாலும் கெடுதல் செய்கிறது. பாதத்தையும் சேர்த்துத் திருப்புங்கள். மண்டியிட்டு உட்கார முடியாவிட்டால் சம்மணமிட அனுமதி கேளுங்கள், நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார்.

எதிரில் நிற்கும் ஜோடியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "இடது முழங்கால் சரியில்லை, மெதுவாகப் பின்வாங்குவேன். குத்து மட்டும் முகத்துக்கே வரட்டும்" என்று சொன்னால் போதும்.