வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ள 5 வயது மகன் நன்றாகப் பேசுகிறான், சொன்னதைச் செய்யமாட்டேன் என்கிறான். தமிழை விட்டு ஆங்கிலம் மட்டும் பேசலாமா?

தமிழை விடாதீர்கள். சொன்னதை அவன் செய்யாததற்கு வீட்டில் தமிழ், ஆங்கிலம், மலாய் என மூன்று மொழி புழங்குவது காரணமில்லை. பெரும்பாலும் பிடிவாதமும் இல்லை.

7ஆம் குரோமோசோமில் சுமார் 26 மரபணுக்கள் அடங்கிய ஒரு துண்டு விடுபட்டுப் போவதால் வருவது வில்லியம்ஸ் சிண்ட்ரோம். இந்தப் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேச ஆரம்பிப்பார்கள், ஆரம்பித்துவிட்டால் ஓயமாட்டார்கள். பொருள்களின் பெயரும் காதால் கேட்டதை நினைவில் வைப்பதும் அவர்களுக்குக் கைவந்தவை. ஆனால் இடம், அளவு, நேரம் சொல்லும் சொற்கள் மிகவும் பின்தங்கும். கட்டை அடுக்கவும் படம் வரையவும் தடையாக இருக்கும் இடஉணர்வுக் குறையே, 'பின்னால', 'நடுவுல' புரியவும் தடையாகலாம். சரளமாகப் பேசுகிறானே, எல்லாம் புரியும் என்று பெரியவர்கள் நினைத்துவிடுகிறோம்.

இன்றே சோதித்துப் பாருங்கள். மேசையில் ஒரு மைலோ டின், ஒரு கரண்டி. "கரண்டியை டின்னுக்குள்ள போடு" என்றால் போட்டுவிடுவான். கரண்டி வேறெங்கே போகும்? "டின்னுக்குப் பின்னால வை" என்று கேளுங்கள். அப்போது உங்கள் கை அசையக்கூடாது, கண்ணும் டின் பக்கம் போகக்கூடாது. இந்தப் பிள்ளைகள் முகத்தையே உற்றுப் பார்ப்பவர்கள். உங்கள் பார்வையை வைத்தே விடையைப் பிடித்துவிடக்கூடும்.

கற்றுக்கொடுக்கும்போது படஅட்டை வேண்டாம், முதலில் அவன் உடம்பு. நாற்காலிக்குப் பின்னால் அவனே போய் நிற்கட்டும், நிற்கும்போதே "பின்னால" என்று சொல்லுங்கள். பிறகு பொம்மை, கடைசியில் படம். ஒரு நேரத்தில் 'முன்னால – பின்னால' போல ஒரு ஜோடிச் சொல்தான், பத்து நிமிடம் போதும். பத்துக்கு எட்டு சரியாக வந்த பிறகு அடுத்த ஜோடி.

"புரியுதா?" என்று கேட்காதீர்கள், "ம்" என்றுதான் பதில் வரும். புரியாததைப் புரியவில்லை என்று சொல்வது இவர்களுக்குத் தானாக வராது. "புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்பதை ஒரு பாடமாகவே பழக்குங்கள்.

குரோமோசோம் மாற்றத்தால் வரும் இன்னொரு நிலையான டவுன் சிண்ட்ரோமில், இருமொழி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கவில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டியும் தாத்தாவும் தமிழில் பேசும் வீட்டில் தமிழை நிறுத்தினால், பிள்ளையிடம் பேச ஆள் குறையும், அவ்வளவுதான். கோலாலம்பூரில் தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் கிடைப்பது கடினம், மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் சோதித்தால் அவன் சொல்வளம் குறைவாகத் தெரியும். அவன் வாயில் வரும் சொற்களை மொழி பார்க்காமல் எழுதிப் பயிற்சியாளரிடம் கொண்டுபோங்கள். 'பால்' தெரியாமல் அதன் மலாய்ச் சொல்லான 'சுசு' தெரிந்தாலும் அது ஒரு சொல்தான்.

எழுத்து விஷயத்தில் பொறுமை வேண்டும். முழுச் சொல்லைப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட ஒலி சேர்த்துப் படிப்பது இவர்களுக்கு ஒத்துவரும்: ம், ஆ, மா. சிக்கல் 'கெ', 'கொ' போன்றவற்றில்: பின்னால் ஒலிப்பதன் குறி முன்னால் நிற்கிறது. ஒற்றைக் கொம்புக்கு எப்போதும் ஒரே நிறம் கொடுங்கள். எழுதக் கை வரவில்லை என்றால் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியில் தட்டச்சு செய்யவிடுங்கள். ஒலி வரிசையில் தட்டினால் குறி தானே தன் இடத்தில் விழும். எழுதவில்லை என்பதற்காகப் படிப்பை நிறுத்தி வைப்பது பெரிய அநியாயம்.

காதையும் ஆண்டுதோறும் சோதியுங்கள். நடுக்காதில் நீர் சேர்வது இவர்களிடம் அடிக்கடி நடக்கும், அப்போது பேச்சு பாதிதான் கேட்கும். அதே காது மிக்சி, பட்டாசு, தைப்பூச உருமி மேளத்தைத் தாங்காது. பத்துமலைக்குப் போனால் காதுமூடி எடுத்துப்போங்கள். காதில் குழாய் வைக்கவோ பல்லுக்கோ மயக்க மருந்து தேவைப்பட்டால், இதய மருத்துவர் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். இரத்தக் குழாய்களுக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் மரபணுவும் விடுபடுவதால் இதயத் தமனிகள் குறுகியிருக்கலாம், மயக்க மருந்து ஆபத்தாகும். வைட்டமின் டி கலந்த சத்து மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவேண்டாம், இரத்தத்தில் கால்சியம் ஏறிவிடலாம்.