வாடகை ஜெனரேட்டர் நின்றுபோனால் புதிய ஜெனரேட்டரின் விலையைக் கட்ட வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியும் போர்ட்டபிள் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து ஐந்து நாள் முகாமிட்டோம். நான்காம் நாள் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. விலை குறைவு என்று ‘அன்லெடெட் 88’ பெட்ரோல் போட்டு, பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் என்ற திரவமும் கலந்திருந்தேன். தவறான எரிபொருளால் கார்புரேட்டர் அடைத்துவிட்டதாகச் சொல்லி, 500 டாலர் டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார்கள். புதிய ஜெனரேட்டர் வாங்க மேலும் 600 டாலர் கேட்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?

பதில்: கேட்ட தொகையை அப்படியே கட்டிவிடாதீர்கள். ஆனால் உங்கள் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘அன்லெடெட் 88’ என்று அங்கே விற்பது பெரும்பாலும் ஈ15, அதாவது 15 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். சிறிய எஞ்சின் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2001-ம் ஆண்டு மாடலுக்கும் அதற்குப் பிந்தைய கார்களுக்கும், எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோலிலும் ஓடக்கூடிய ஃபிளெக்ஸ் ஃபியூயல் வண்டிகளுக்கும்தான் ஈ15. படகு, ஜெனரேட்டர் போன்றவற்றில் ஊற்றுவது அந்நாட்டு மத்திய சட்டப்படி தடை. பம்பிலேயே ஆரஞ்சு நிற லேபிளில் இது எழுதியிருக்கும். அதனால் ‘தெரியாமல் போட்டேன்’ என்ற பதில் எடுபடாது. ஸ்டெபிலைசரும் கைகொடுக்காது, அது பெட்ரோல் பழசாவதைத் தாமதப்படுத்துமே தவிர எத்தனாலைக் குறைக்காது.

இருந்தாலும், தவறான பெட்ரோல் போட்டது வேறு, அதனால்தான் இந்தப் பழுது வந்தது என்பது வேறு. வழக்கின் உயிர்நாடி இதுதான். ஈ15 போட்டால் எஞ்சினுக்குப் போகும் கலவையில் எரிபொருள் குறைந்து, எஞ்சின் சூடேறும், சீராக ஓடாது. நாளடைவில் ரப்பர் பாகங்கள் கெடும். கார்புரேட்டரின் ஊசித்துளை போன்ற ஜெட்டில் பிசின் படிவது, பெட்ரோல் பல வாரம் அப்படியே தேங்கிக் கிடந்தால் வருவது. நான்கு நாளில் அது உருவாகாது. ‘எத்தனால் பழைய படிவைக் கரைத்து இழுத்து வந்து அடைத்தது’ என்று அவர்கள் வாதிடலாம். அந்தப் படிவு உங்களுக்கு முன்பே உள்ளே இருந்தது என்பதை அந்த வாதமே ஒப்புக்கொள்கிறது!

எனவே இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். மெக்கானிக்கின் அறிக்கை, திறந்த கார்புரேட்டரின் படங்கள், ஜெனரேட்டர் வாங்கிய ஆண்டு, கடைசியாக சர்வீஸ் செய்த பதிவு, பாகம் வாரியான பில் ஆகியவற்றைக் கேளுங்கள். கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியக் கூடாது என்றும் எழுதுங்கள். ‘என் தவறுதான்’ என்ற சொல் எந்தக் கடிதத்திலும் வேண்டாம். பெட்ரோல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தத்தில் எரிபொருள் வகை குறிப்பிடப்பட்டதா, கையேடு தரப்பட்டதா, வழக்குக்குப் பதில் நடுவர் மன்றம் என்ற நிபந்தனை உள்ளதா என்று பாருங்கள்.

நீங்கள் பொறுப்பாளி என்றே முடிவானாலும், பொதுவான விதிப்படி பழுது நீக்கும் செலவு அல்லது அன்றைய நிலையில் பொருளின் மதிப்பு, இரண்டில் குறைவானதுதான் இழப்பீடு. ஓடித் தேய்ந்த ஜெனரேட்டருக்குப் புதிய விலை கேட்பது அதிகம். ஒப்பந்தத்தில் நிலையான தொகை எழுதியிருந்தாலும், உண்மையான நஷ்டத்துக்குச் சம்பந்தமில்லாத தண்டத்தொகையாக இருந்தால் எதிர்க்கலாம்.

டெபாசிட்டை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், உங்கள் வங்கியில் உடனே டிஸ்ப்யூட், அதாவது இந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்ற புகார், பதியுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. மீதி 600 டாலருக்கு உங்கள் அனுமதி இல்லை என்று நிறுவனத்துக்கும் எழுதிவிடுங்கள். சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும், அந்த மாநிலத்தின் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். ஆனால் இவ்வளவு தொகைக்காகக் கடல் தாண்டிப் போவது கட்டுப்படியாகாது. கார்புரேட்டரும் அதை மாற்றும் கூலியும் கழித்து மீதி டெபாசிட்டைத் திருப்பித் தரும்படி கேட்டு, சமரசத்துக்கு முயல்வதே உங்களுக்கு நல்லது என்பேன்.