பிங்க் ஃபிளாய்டுங்கிற இங்கிலாந்து ராக் குழுவோட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை ஏன் இவ்ளோ கொண்டாடுறாங்க?

"பாதி நேரம் கடிகார சத்தமும் காசு சத்தமும்தான் வருது, இதுல அப்படி என்ன இருக்கு"ன்னு கேட்டிருக்கீங்க. ஷஃபிள்ல, அதாவது பாட்டுகளை வரிசை கலைச்சுப் போட்டா அப்படித்தான் தோணும். 1973ல வந்த இந்த ஆல்பம் இதயத் துடிப்புல ஆரம்பிச்சு அதே துடிப்புல முடியுது, நடுவுல ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்தது உள்ள வந்துடும், அதனால ஹெட்போன் மாட்டி வரிசையா கேட்டாதான் புரியும்.

'மணி' பாட்டையே எடுங்க. காசு, கல்லாப்பெட்டி சத்தத்தை எல்லாம் டேப்ல வெட்டி ஒட்டி லூப் ஆக்கியிருக்காங்க, தாளம் ஏழு எண்ணிக்கை, சாக்ஸபோன் சோலோ வரைக்கும் அந்த ஏழுலயே ஓடும், குழுவோட கிட்டாரிஸ்ட் கில்மோரோட தனி வாசிப்பு, அதாவது கிட்டார் சோலோ, வந்ததும் சட்டுனு நாலுக்கு மாறிடும், அந்த இடத்துல தலை தானா ஆடும் பாருங்க!

ஆனா எனக்கு உச்சம்னா 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'தான். பாடுறதுக்கு வரியே கிடையாது, கிளேர் டோரின்னு ஒரு செஷன் பாடகி (குழுவுல இல்லாம, ரெக்கார்டிங்குக்கு மட்டும் காசு வாங்கிப் பாடுறவங்க) வந்து வெறும் குரலாலயே கத்தி, அழுது, கடைசில அடங்கிப் போவாங்க. அப்போ அவங்களுக்கு கொடுத்தது 30 பவுண்டு (அநியாயம்), அப்புறம் கேஸ் போட்டுத்தான் 2005ல இசையமைப்புல பேர் வாங்குனாங்க.

'ஆன் தி ரன்' மட்டும் எனக்கு கொஞ்சம் இழுவைதான், சிந்தசைசர்ங்கிற எலக்ட்ரானிக் கருவியில விளையாட்டு. ஆனா அதைத் தாண்டிப் போயிடாதீங்க, அது முடிஞ்சாதான் 'டைம்' கடிகாரங்க எல்லாம் ஒண்ணா அலறும்போது தூக்கிவாரிப் போடும்.