ஜிபிஎஸ் இருக்கட்டும், முதலில் எஞ்சின்

தம்பி, பழைய பைபர் படகு வாங்கி, கடல் பழகாத இரண்டு மைத்துனர்களுடன் பாம்பனிலிருந்து மன்னார் வளைகுடாவில் இரவு தங்கப் போவதாகவும், ஜிபிஎஸ் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சோதனை ஓட்டத்தில் எஞ்சின் இரண்டு முறை நின்றதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம்.

டாங்கின் அடியிலிருந்து எரிபொருளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தங்கினால் காரணம் தெரிந்துவிடும். டாங்கைக் கழுவி, பில்டரை மாற்றுங்கள். இதே கோளாறால் விடியும்வரை நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, மீதி தொடக்கூடாது.

மைத்துனர்களைப் பகலில் கூட்டிப்போய், காலி கேன் ஒன்றைக் கடலில் எறிந்து, "ஆள் விழுந்துவிட்டான்" என்று கத்துங்கள். ஒருவர் கேனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கைநீட்டிக் காட்ட வேண்டும். மற்றவர் படகைத் திருப்பி, நெருங்கியதும் எஞ்சினை அணைக்க வேண்டும். தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறி, விழுந்தவரின் காலை அறுத்துவிடும். கேன் கைக்கு வரும்வரை இரவுப் பயணம் வேண்டாம்.

லைப் ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும், பலகைக்கு அடியில் அல்ல. கைப்பேசி சிக்னலை நம்பாதீர்கள். விஎச்எப் என்ற ரேடியோ கருவியில் ஆபத்து அழைப்புக்கு 16ஆம் சேனல். கடலோரக் காவல்படை எண் 1554. கச்சான் என்ற மேல்காற்று ஓங்கி அடிக்கும் ஆடியிலா கிளம்புகிறீர்கள்?