ஊருக்குள் இருந்தே எழுதப்பட்ட வரலாறு

கேள்வி: அமெரிக்க மதத் தலைவர் வாரன் ஜெஃப்ஸ் பற்றிய ஆவணப்படமொன்றை அண்மையில் பார்த்தேன். பல மனைவியருடன் வாழும் அந்த மோர்மன் அடிப்படைவாதிகளின் கதையைச் செய்தியாளரும் பொலிசாருமே சொல்கின்றனர். அந்த ஊருக்குள் வாழ்ந்து அதன் வரலாற்றை எழுதியவர் எவரேனும் உண்டா? உள்ளிருப்பவர் எழுதுவதை நம்பலாமா? எங்கள் சபையின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால் கேட்கிறேன்.
– கொட்டாஞ்சேனை வாசகி ஒருவர்

பதில்: முதலில் ஒரு தெளிவு. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்னும் பெரிய மோர்மன் திருச்சபை, 1890 ஆம் ஆண்டு அறிக்கையின் மூலம் பலதார மணத்தைக் கைவிடத் தொடங்கியது. 1904 இல் அதை மேலும் இறுக்கியது. இன்று அத்திருச்சபையில் ஒருவர் பலதார மணம் செய்தால் உறுப்புரிமையை இழப்பார். நீங்கள் பார்த்தவர்கள் அந்த அறிக்கையை ஏற்க மறுத்துப் பிரிந்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுள் ஒரு பிரிவினர் அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில் ஷோர்ட் கிரீக் என்ற ஊரில் குடியேறினர். இன்று அது கொலராடோ சிட்டி, ஹில்டேல் என இரண்டு ஊர்களாக இருக்கிறது.

உள்ளிருந்து எழுதியவர்கள் உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் பென் பிஸ்ட்லைன். சிறுவயதில் குடும்பத்துடன் ஷோர்ட் கிரீக்குக்கு வந்து அங்கேயே வளர்ந்து, பிற்காலத்தில் அந்தச் சமூகத்திலிருந்து விலகி, 2004 இல் அதன் வரலாற்றை நூலாக வெளியிட்டவர். அவர் அறிந்த ஊரை வெளியார் பெரும்பாலும் ஒரேயொரு நாளைக் கொண்டே அறிவர். 1953 ஜூலை 26 ஆம் திகதி விடியுமுன், அரிசோனா ஆளுநர் ஹொவர்ட் பைலின் உத்தரவின்படி, பலதார மணத்தை ஒடுக்கவென நூற்றுக்கு மேற்பட்ட அதிகாரிகள் ஊரைச் சூழ்ந்தனர். செய்தி முன்கூட்டியே கசிந்திருந்ததால், ஊரார் பள்ளிக்கூட முற்றத்தில் கூடி நாட்டுப்பற்றுப் பாடல்களைப் பாடிக்கொண்டு நின்றனர். இருநூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். அவர்களுள் பலர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வீடு திரும்பவில்லை. பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்ததைக் கண்ட பொதுமக்களின் அனுதாபம் ஊரார் பக்கம் திரும்பியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் பைல் தோற்றார்.

இதுவரை எந்தப் பத்திரிகையாளரும் எழுதக்கூடியதுதான். உள்ளிருப்பவர் மட்டுமே சொல்லக்கூடியது காணியின் கதை. 1942 இல் 'யுனைட்டெட் எஃபர்ட் பிளான்' என்ற நம்பிக்கைப் பொறுப்பு உருவாக்கப்பட்டது. விசுவாசிகள் தமது நிலத்தை அதற்கு எழுதிக் கொடுத்தனர். தன் கையால் மரம் அறுத்து, சுவர் எழுப்பி வீடு கட்டியவரிடம் அந்த வீட்டுக்கு உறுதி இல்லை. தலைமையோடு முரண்பட்டால் வீட்டைவிட்டு இறங்க வேண்டியதுதான். 1980களில், ஆட்சி ஒரே தீர்க்கதரிசியின் கையிலா, ஒரு குழுவின் கையிலா என்று ஊர் இரண்டுபட்டபோது இது வெறும் இறையியல் சண்டையாக நிற்காமல் நீதிமன்றம் ஏறியது. வீட்டை மேம்படுத்தியவர்கள் அதற்குரிய பயனைக் கோர வழியுண்டு என்று யூட்டா உச்ச நீதிமன்றம் 1998 இல் தீர்ப்பளித்தது. 2005 இல் நீதிமன்றமே பழைய பொறுப்பாளர்களை அகற்றி நிருவாகி ஒருவரை நியமித்தது. யார் யாருடைய வளவில் இருந்தார், எந்த வாக்குறுதியை நம்பிக் கல்லடுக்கினார், யார் எந்தத் தாயின் பிள்ளை என்பதெல்லாம் ஊரில் வளர்ந்தவனுக்கே தெரியும். பார்லோ, ஜெசப் என்ற இரண்டு குடும்பப் பெயர்களே எங்கும் நிறைந்த ஊரில் வெளியாள் நுழைந்தால் முதல் நாளிலேயே வழி தவறிவிடுவான்.

ஆனால், உள்ளிருப்பவர் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். பிஸ்ட்லைனுக்கு முந்தைய தலைமுறையில் ஜோசப் மஸ்ஸர் இருந்தார். பல ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதியவர். 1935 இலிருந்து 'ட்ரூத்' என்ற மாத இதழை நடத்தியவர். பலதார வாழ்க்கைக்காகச் சிறை சென்றவர். அந்தப் பலதார மண இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் ஆனவர். அவருக்கு வரலாறு எழுதுவது அதிகாரத்தை நிலைநாட்டும் வேலையாகவும் இருந்தது. இயக்கத்தின் உரிமைக் கோரிக்கை முழுவதும் 1886 செப்டெம்பரில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியில் தங்கியிருக்கிறது. அரசிடமிருந்து தலைமறைவாக இருந்த திருச்சபைத் தலைவர் ஜோன் டெய்லர், பலதார மணம் என்றும் தொடரவேண்டுமென வெளிப்படுத்தல் பெற்றார் என்றும், நீண்ட கூட்டமொன்றில் சிலருக்கு அதற்கான அதிகாரத்தை அளித்தார் என்றும் இயக்கத்தின் ஆரம்பகாலத் தலைவர்களுள் ஒருவரான லோரின் வூலி சொன்னார். அவர் அதை விரிவாகச் சொன்னது 1929 இல். அதாவது 43 ஆண்டுகள் கழித்து.

1933 இல் பெரிய திருச்சபை அத்தகைய வெளிப்படுத்தல் எதுவும் தன் சுவடிகளில் இல்லையென அறிவித்தது. 2025 இல் அதே திருச்சபை, டெய்லரின் கையெழுத்தில் அமைந்த 1886 ஆவணத்தைத் தன் சுவடிப் பட்டியலில் வெளியிட்டது. பரிகசிக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள் ஆவணத்தைப் பொறுத்தவரை சரியாகவே இருந்திருக்கின்றனர்! எனினும், தாள் உண்மையானது என்பதால் கூட்டத்தின் கதை உண்மையாகிவிடாது. அதற்கு இன்னும் வூலியின் நினைவுதான் முதன்மைச் சான்று.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான். காணி, வீடு, உறவு, பூசல் ஆகியவற்றில் உள்ளிருப்பவரை நம்புவேன். தொடக்கக் கதையில் அவரை நம்பமாட்டேன். பிரிந்து வந்தவரிடம் மனக்கசப்பு இருக்கும் என்பதையும் கணக்கில் எடுப்பேன். ஆனால், கசப்பு உள்ளவர்தான் கடிதங்களையும் பற்றுச்சீட்டுகளையும் எறியாமல் வைத்திருப்பார். விசுவாசியின் ஏடும் அவர் எண்ணாத பயனைத் தரக்கூடும். வாரன் ஜெஃப்ஸ் அன்றாடம் சொல்லி எழுதுவித்த குறிப்புகள் 2008 இல் டெக்சாஸ் மாநிலத்தில் அவரது சபைக்குரிய பண்ணையில் கைப்பற்றப்பட்டன. 2011 இல் அவருக்கு ஆயுள் தண்டனையும் மேலும் 20 ஆண்டுகளும் விதிக்கப்பட்ட வழக்கில் அவையும் சான்றாகின.

இனி உங்கள் மலர். நம் கும்பாபிஷேக மலர்களிலும் சபை மலர்களிலும் வாழ்த்துரைகள் பத்துப் பக்கம் வரும். நிருவாகசபைக்குள் நடந்த வழக்கு ஒரு வரியிலும் வராது. (இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு, இளமையில் அப்படியொரு மலரைத் தொகுத்தேன்.) கட்டடம் நிற்கும் காணியின் உறுதியிலிருந்து தொடங்குங்கள், காணிப் பதிவகத்தில் தேடுங்கள், பழைய பத்திரிகைகளுக்குக் கொழும்பு 07 இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. விலகிப் போன குடும்பங்களில் ஒன்றையாவது சந்தியுங்கள். கூட்டக் குறிப்பேட்டைக் காட்ட எவரேனும் மறுத்தால், சண்டை பிடிக்காமல் அந்த மறுப்பையும் திகதியிட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.