மகள் தனியாகத் தங்கப் போகிறாள்: அந்தத் தாமான் பாதுகாப்பானதா?

மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "என் மகளுக்குச் சுங்கை சிப்புட்டில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வரிசை வீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறோம். பின்னால் செம்பனைத் தோட்டம், பக்கத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீடுகள். 'அங்கே குண்டர் கும்பல் தொல்லை, பொம்பளப் பிள்ளையைத் தனியா விடாதீங்க' என்று உறவினர் பயமுறுத்துகிறார். அந்த இடத்தில் குற்றம் எவ்வளவு நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் உங்கள் உறவினர் சொன்னதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. என்ன குற்றம், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்பது தெரிந்தால்தான் மகளைக் காப்பாற்ற வழி தெரியும்.

முதலில் அரசாங்கக் கணக்கைப் பாருங்கள். அரசின் திறந்த தரவுத் தளத்தில் 2016 முதல் ஒவ்வொரு போலீஸ் மாவட்டத்திலும் பதிவான குற்றங்கள் வகைவாரியாக இருக்கின்றன, இலவசமாகவே பார்க்கலாம். கவனம், போலீஸ் மாவட்டமும் நிர்வாக மாவட்டமும் ஒன்றல்ல. சுங்கை சிப்புட் நிர்வாகத்தில் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. போலீசுக்கோ அது தனி மாவட்டம். அதனால் கோலகங்சார் மக்கள் தொகையை எடுத்து சுங்கை சிப்புட் குற்ற எண்ணிக்கையை வகுத்தால் வருகிற விகிதம் தப்பாகத்தான் இருக்கும். அதே ஊரைப் பல வருடங்களுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள், போதும். 2020, 2021 ஆண்டுகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் எல்லாரும் வீட்டில் இருந்ததால் நாடு முழுக்கத் திருட்டு குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டால் எந்த ஊரும் கெட்டுப்போன மாதிரிதான் தெரியும். சின்ன ஊரில் சதவீதத்தையும் நம்ப வேண்டாம். நான்கு வீட்டில் திருட்டு நடந்தது எட்டாக ஆனாலே நூறு சதவீத உயர்வு என்று செய்தி வந்துவிடும்.

இந்தக் கணக்கில் வன்முறைக் குற்றம், சொத்துக் குற்றம் என்று இரண்டு பிரிவு. கொலை, பாலியல் வல்லுறவு, கொள்ளை, காயப்படுத்துதல் முதல் பிரிவில் வரும். வீடு உடைப்பு, வாகனத் திருட்டு, மற்ற திருட்டுகள் இரண்டாவதில். நாடு முழுக்கப் பதிவாவதில் பெரும்பங்கு சொத்துக் குற்றம்தான். போதைப்பொருள் வழக்குகள் இதில் வராது, அவற்றுக்குத் தனிக் கணக்கு. இணைய மோசடியும் அப்படியே.

இன்னொன்று. மோட்டார் சைக்கிள் திருடு போனால் காப்புறுதிக்காகவாவது போலீசில் புகார் செய்வார்கள். கேஸ் தோம்பு (சிலிண்டர்), வாசலில் கிடந்த இரும்பு, சைக்கிள் போனால் யாரும் பாலாய் (போலீஸ் நிலையம்) பக்கம் போவதில்லை. அதனால் வாகனத் திருட்டு எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம், சில்லறைத் திருட்டு எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

அப்புறம், நேரில் போய்ப் பாருங்கள். எல்லாரும் இரவில் போய்ப் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு முக்கியமான நேரம் விடியற்காலை. அந்தப் பக்கம் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் எழும். பள்ளிக்குப் போகிற ஆசிரியை ஆறரை மணிக்கு இருட்டில் கதவைப் பூட்டி, கேட்டைத் திறந்து, மோட்டாரையோ காரையோ எடுக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் தெரு எப்படி இருக்கிறது என்று ஒரு வேலை நாளில் போய் நின்று பாருங்கள். தெரு விளக்கு எரிகிறதா? எதிர் வீட்டில் சமையல் வெளிச்சம் தெரிகிறதா? அந்த வரிசையில் எத்தனை வீடு காலியாகப் புல் மண்டிக் கிடக்கிறது? பூட்டிய வீடு பக்கத்தில் இருந்தால் அதன் வழியாகவே உங்கள் பின்கட்டுக்கு வந்துவிடலாம். இந்த மாதிரி வீடுகளில் பலவீனமான இடம் பின்சந்துதான். முன்னால் பெரிய கேட்டும் கேமராவும் இருக்கும், சமையலறைக் கதவு ஒரு உதையில் திறந்துகொள்ளும். வீட்டுக்காரரிடம் பின்கதவுக்குக் கிரில் போடச் சொல்லுங்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே. கிரில் சாவி ஒன்று உள்ளே கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருக்கட்டும். தீப்பிடித்தால் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

யாரைக் கேட்பது? வீட்டு ஏஜெண்டைக் கேட்டால் "எல்லாம் ஓகே" என்பார். அதிகாலையில் தோட்ட வேலைக்கும் தொழிற்சாலை பஸ்ஸுக்கும் போகிற பெண்களைக் கேளுங்கள். "இங்கே பாதுகாப்பா?" என்று கேட்காமல், "கடைசியா எப்போ, யார் வீட்டுல, என்ன திருட்டுப் போச்சு?" என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே சம்பவத்தைச் சொன்னால் அது ஒரு சம்பவம்தான், மூன்று அல்ல.

அந்த அடுக்குமாடியைப் பற்றி மனம்விட்டுச் சொல்கிறேன். குண்டர் கும்பல் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2013-இல் உள்துறை அமைச்சே 49 கும்பல்களின் பெயரை வெளியிட்டது, நம் பையன்கள் பலர் அதில் சிக்கிச் சீரழிவது உண்மை. ஆனால் இப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்களில் பலர் தோட்டம் கைமாறியபோது லயத்தை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை) விட்டு வெளியேறிய குடும்பங்கள். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். மொத்தக் கட்டடத்துக்கும் முத்திரை குத்தினால், ஆபத்து வந்தால் முதலில் ஓடிவரக்கூடிய அக்கம்பக்கத்தை உங்கள் மகள் இழக்கிறாள். குடிபோன வாரமே எதிர்வீட்டு அக்காவிடம் அவளை அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள். தாமானில் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் காவல் குழு) இயங்குகிறதா என்றும் அவரிடமே விசாரியுங்கள்.

தீபாவளிக்கு அவள் கிள்ளானுக்கு வரும்போது வீடு காலியாக இருக்கும் தேதிகளைப் பக்கத்து பாலாயில் எழுதிக் கொடுக்கலாம், ரோந்து போகும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள். அவசரம் என்றால் 999. ஏதாவது திருடு போனால், சின்னதாக இருந்தாலும் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு வாரம் கழிந்தும் தகவல் இல்லையென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தும், வீடு உடைப்பும் அதில் அடங்கும். கேட்ட இரண்டு வாரத்துக்குள் போலீஸ் பதில் தர வேண்டும்.