ருனி, சாகர் கொலை: டிஎன்ஏ இருந்தும் ஏன் ஆள் கிடைக்கவில்லை?

வணக்கம் ஐயா. டெல்லி டிவி செய்தியாளர் சௌம்யா விஸ்வநாதன் கொலையில் 15 வருஷம் கழித்தாவது தீர்ப்பு வந்தது. டாக்காவில் ஏடிஎன் பங்ளா டிவி நிருபர் மெஹ்ரூன் ருனியும், அவர் கணவரும் மாசரங்கா டிவி செய்தி ஆசிரியருமான சாகர் சர்வாரும் 2012ல் வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டார்கள். அமெரிக்கா வரை அனுப்பி டிஎன்ஏ எடுத்தும் ஒருவரும் சிக்கவில்லை. மூடிமறைத்தார்கள் என்பதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்?
கி., திண்டுக்கல்

அன்புள்ள கி.,

மூடிமறைத்தார்களா என்று ஆதாரம் இல்லாமல் சொல்ல மாட்டேன். யாரும் மறைக்காவிட்டாலும் இந்த வழக்கு தடுமாறியிருக்கும். அன்று காலையிலேயே பாதி கெட்டுவிட்டது.

2012 பிப்ரவரி 11, டாக்காவின் மேற்கு ராஜாபஜாரில் ஓர் அடுக்ககம். பாட்டிக்கு போன் செய்தது ஐந்து வயது மகன். பிறகு உறவினர்கள், சக பத்திரிகையாளர்கள், அதிகாரிகள் என்று வீடு நிறைந்தது. 48 மணி நேரத்தில் பிடிப்போம் என்றார் உள்துறை அமைச்சர் சஹாரா காத்தூன். மணிக்கணக்கில் கெடு சொல்வதற்கு முன் வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தி, உள்ளே போகிறவர் பெயரை எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

காரணம் இதுதான். டிஎன்ஏ சோதனையில் ஒவ்வொரு இடக்குறியிலும் (டிஎன்ஏவில் அளந்து பார்க்கும் குறிப்பிட்ட இடம்) ஒரு மனிதருக்கு அதிகபட்சம் இரண்டு எண்கள்தான் வரும். மூன்று பேர் கலந்தால் ஆறு வரை வரலாம், எது யாருடையது என்று பிரிப்பது பெரும்பாடு. அதனால் வீட்டுக்குள் கால் வைத்த எல்லோரிடமும் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்து, அவர்களை முதலில் கழிக்க வேண்டும். யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலே இல்லையென்றால் யாரைக் கழிப்பது?

சாகரின் கையும் காலும் கட்டப்பட்டிருந்தன. இப்படிப்பட்ட வழக்கில் முடிச்சு பெரிய புதையல். துணியை இழுத்து இறுக்கியவனின் தோல் செல்கள் முடிச்சின் உள்மடிப்பில் ஒட்டியிருக்கும். ஆகவே முடிச்சை அவிழ்க்கவே கூடாது. அதைத் தொடாமல் வேறு இடத்தில் வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் நூலால் இணைத்து அடையாளம் வைக்க வேண்டும். ரத்தம் பட்ட துணியை நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் பாக்டீரியா டிஎன்ஏவைத் தின்றுவிடும்.

அடுத்த கோளாறு பிரேதப் பரிசோதனை. மயக்க மருந்து கொடுத்தார்களா என்ற சந்தேகத்தை அன்றே தீர்த்திருக்கலாம். இரைப்பையும் அதிலிருந்ததும், சிறுகுடலின் மேல்பகுதி 30 செ.மீ., கல்லீரல் 500 கிராம், இரு சிறுநீரகங்களிலும் பாதி, இவற்றை இனி உப்பு கரையாத அளவுக்குச் செறிந்த உப்புக் கரைசலில் போட்டு வைப்பது நம் ஊர் சவக்கிடங்கிலும் நடக்கிற வேலைதான். ரத்தம் கெடாமல் இருக்க மட்டும் சோடியம் ஃப்ளோரைடு சேர்ப்பார்கள். அங்கே ஏப்ரல் 18ல் போலீஸின் துப்பறியும் பிரிவு உயர் நீதிமன்றத்தில் கைவிரித்து, வழக்கு ராப் (ரேபிட் ஆக்‌ஷன் பட்டாலியன்) என்ற சிறப்புப் படைக்குப் போன பிறகு, ஏப்ரல் 26ல் அசிம்பூர் கல்லறையைத் தோண்டினார்கள். கொலை நடந்து 75 நாள். அழுகிய திசுவில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் மருந்து கொடுக்கவில்லை என்று பொருளாகாது.

சரி, கடைசியில் அடையாளம் தெரியாத இரண்டு ஆண்களின் டிஎன்ஏ கிடைத்ததாக ராப் நீதிமன்றத்தில் சொன்னது. ஆனால் டிஎன்ஏ தன் பெயரைச் சொல்லாது. ஒப்பிட இன்னொரு மாதிரி வேண்டும். வேறொரு டாக்டர் கொலையில் பிடிபட்டவர்கள் உள்பட சிலரை இந்த வழக்கிலும் கைது காட்டினார்கள், குற்றப்பத்திரிகை வரவில்லை.

டெல்லியில் நடந்தது வேறு. சௌம்யா 2008 செப்டம்பர் 30 விடிகாலை காரில் சுடப்பட்டார். முதலில் விபத்து என்றே நினைத்தார்கள். அந்த வழக்கைத் திறந்தது ஆய்வகம் அல்ல. 2009 மார்ச்சில் ஜிகிஷா கோஷ் என்ற ஐடி ஊழியரைக் கொன்றவர்கள், அவருடைய டெபிட் கார்டைக் கடையில் தேய்த்துக் கேமராவில் மாட்டினார்கள். விசாரணையில் பழைய கொலையும் வெளியே வந்தது. கொலைகாரர்கள் மறுபடி குற்றம் செய்ததால்தான் துப்பு கிடைத்தது. அப்படியும் தீர்ப்பு 2023 அக்டோபரில்தான். நால்வரின் ஆயுள் தண்டனையையும் 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது.

டாக்காவில் விசாரணை அறிக்கைக்கான வாய்தா நூறைத் தாண்டியது. ஐம்பது வருஷம் ஆனாலும் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று சட்ட அமைச்சரே சொன்னார். அது போகட்டும், நடுவில் நடக்கிற நஷ்டம் வேறு. செல்போன் நிறுவனங்கள் அழைப்பு விவரங்களை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. அந்த இரவு அந்த டவரில் இருந்த எண்கள் முழுவதையும் முதல் சில வாரங்களிலேயே எழுத்துமூலம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

2024 செப்டம்பர் 30ல் உயர் நீதிமன்றம் ராபை நீக்கி, பல அமைப்புகளின் அதிகாரிகள் சேர்ந்த குழுவுக்கு ஆறு மாதக் கெடு கொடுத்தது. அவர்கள் கையில் இருக்கும் நல்ல துருப்பு, என் கணிப்பில், ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமின் சோதனை. தகப்பன் வழி ஆண்களுக்கு அது பெரும்பாலும் ஒன்றே. கொலையாளியின் அண்ணனோ சித்தப்பாவோ வேறொரு வழக்கில் பிடிபட்டால்கூட, எந்தக் குடும்பத்தில் தேடுவது என்று தெரிந்துவிடும். அதற்குக் கைதாகிறவர்களின் மாதிரியைத் தொடர்ந்து எடுத்துச் சேர்த்த தரவுத்தளம் வேண்டும். வங்கதேசத்தில் டிஎன்ஏ சட்டம் வந்ததே 2014ல், கொலை நடந்து இரண்டு வருஷம் கழித்து.